குழல்வாயில் ஒரு பொட்டு

எதையும் எண்ணிப் பார்க்காமல் நான் நம்புவதில்லை. நாற்பது வருடமாக நாங்கள் வாழும் நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில், எங்கள் வீட்டுக்குப் படிகள் பதினாலு. (பனிக்காலத்திலும் பதினாலுதான். சரிபார்த்திருக்கிறேன்.) இந்தக் குணம் என்னைக் காப்பாற்றும் என்று அறுபத்தெட்டு வயதுவரை நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு ஓலா ஆண்டுதோறும் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர். ஓய்வுபெற்றுச் சும்மா இருந்த எனக்கும் தம் குழுவில் இடம் தருவதாகச் சொன்னார். ஆனால் சுடும் சோதனையில் நான் தேறவேண்டும். அந்த வருடத்தின் கடைசிச் சோதனை ஒரு சனிக்கிழமை.

என் துப்பாக்கிக் குழலின் வாயில் ஓர் இரும்புத் துண்டு திருகிப் பூட்டியிருக்கும். தோளில் உதை குறைய, வெடிக்கும் காற்றை அது இரு பக்கமும் தள்ளிவிடும். இடப்பக்கம் இரண்டு துளை, வலப்பக்கம் இரண்டு. வியாழக்கிழமை அதைத் துடைப்பதற்காகக் கழற்றினேன். திரும்ப அதே இடத்தில் நிற்கவேண்டுமே என்று, துண்டின் உச்சியிலும் குழலின் உச்சியிலும் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டுத்தான் கழற்றினேன். துப்பாக்கி பெட்டகத்துக்குள் போனது. துண்டு குசினி மேசையில் கிடந்தது.

வெள்ளி மாலை புள்ளிக்கு நேரே புள்ளி வைத்துப் பூட்டினேன். (துண்டிலிருந்த புள்ளி சற்றுப் பெருத்திருந்தது. பென்சிலை மெச்சிக்கொண்டேன்.) துளைகளை எண்ணினேன். நாலும் இருந்தன.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. ஈர நிலத்தில் படுத்தேன். கூட வந்த ஓலாவும், கையில் வாஃபிள் அப்பத்தோடு சோதனை நடத்தும் பெண்மணியும் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். சுட்டேன்.

நிலம் எழும்பி வந்தது. என் கண்ணாடியில் சேறு. ஓலாவின் தாடியில் பைன் ஊசிகள். வாஃபிளில் இரண்டும்.

"நிறுத்துங்கள்!"

துப்பாக்கியை வெறுமையாக்கிவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு துளைகள் வானத்தையும் இரண்டு நிலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பெண்மணி சிவப்புப் புள்ளியை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"இது என்ன எண்ணெய்?"

சந்தன வாசம் எனக்கும் அடித்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தேறாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

வீட்டு வாசலில் மனைவி கமலா நின்றாள். "என்னப்பா, பாஸோ?"

"இஞ்சேரும், அந்த இரும்பைத் தொட்டனீரோ?"

"ஓம். ஏதோ சிவப்பாய்க் கிறுக்கியிருந்துது. புளி போட்டு மினுக்கி, சந்தனமும் குங்குமமும் குழைச்சுப் பொட்டு வைச்சு, பிள்ளையாருக்கு முன்னாலை வைச்சனான். பிள்ளையளின்ரை சோதனைக்குப் பேனை வைக்கிறனாங்கள்தானே? உங்களுக்கு இதுதானே பேனை."

"பொட்டைப் பக்கவாட்டிலை ஏன் வைச்சனீர்?"

"ரெண்டு ஓட்டையும் கண் மாதிரி இருந்துது. கண்ணுக்கு நடுவிலை வைக்காமல் வேறை எங்கை வைக்கிறது?"



அந்த வருடம் கோப்பி ஊற்றுகிறவனாகத்தான் காட்டுக்குப் போனேன். அடுத்த வருடமும் சோதனைக்கு அதே பெண்மணி. குனிந்து குழல்வாயைப் பார்த்தார். பிறகு வாஃபிளை எடுத்துக்கொண்டு தூரப் போய் நின்றார். தேறினேன். வீட்டில் அதை ஒருவரும் சொல்வதில்லை; முதல் வருடத்துக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

போன மாதம் பேத்திக்குக் கார் ஓட்டும் சோதனை. வாசலில் நின்று கேட்டாள்: "அம்மம்மா, சில்லிலை பொட்டு வைக்கேல்லைதானே?"

கமலா வைத்திருந்தாள், நாலு சில்லிலும். எண்ணினேன். இந்த முறை எந்தப் பக்கம் என்றும் பார்த்தேன்.