ஸ்ட்ராபெரி மூட்டை

அண்டாவில் கொட்டிய பழம் அத்தனையும் மிதந்தது. ஒன்றுகூட அடிக்குப் போகவில்லை.

பஞ்சநதம் கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கிப் பார்த்தார். முங்கிய பழங்கள் உடனே மேலே வந்து மறுபடி அவர் முகத்தைப் பார்த்தன. அவருக்குச் சுருக்கென்றது. விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டால் திரண்ட மணி அமிழும், பதர் மிதக்கும். மிதப்பதை வாரிக் கோழிக்குப் போட்டுவிட்டு, அமிழ்ந்ததை மட்டும் விதைப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். நன்னிலத்துப் பக்கம் பிறந்து, மீசை அரும்புவதற்கு முன்பே வயலில் இறங்கிய மனிதருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அண்டாத் தண்ணீரில் மறக்காமல் இரண்டு கை உப்பும் போட்டிருந்தார்.

ஆக, வந்தது பூராவும் பதர். தஞ்சாவூரில் பழக்கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மதுவுக்கு உடனே போன் போட்டார்.

"என்ன பாய், நம்பித்தானே சொன்னேன். மொத்தமும் பதரா அனுப்பிட்டீங்களே."

"பதரா? காலையில பஸ்ஸுல ஏத்திவிட்டப்ப நல்லாத்தானே அண்ணே இருந்துச்சு."

"எல்லாம் மிதக்குது."

"அண்ணே, அதைத் தண்ணியில போட்டீங்களா?"

"உப்புத் தண்ணியில."

ஹபீப் முகம்மது அதற்குப் பிறகு பேசியதெல்லாம் துக்கம் விசாரிக்கிற குரலில்தான். ஸ்ட்ராபெரி என்றால் மிதக்கத்தான் செய்யுமாம். சாப்பிடுகிற நேரம் வரைக்கும் அதன் மேல் சொட்டுத் தண்ணீர் படக்கூடாதாம். காம்பைக் கிள்ளாமல், துணி விரித்த டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாராளமாக இருந்திருக்குமாம். நனைந்துவிட்டால் நாளைக்கே பூஞ்சணம் பிடித்துவிடுமாம்.

அன்றைக்கு வியாழக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமைதான் மாலதிக்கு வளைகாப்பு. பஞ்சநதத்துக்கும் அகிலாண்டத்துக்கும் இருப்பது அந்த ஒரே மகள். வேதாரண்யத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளை சதீஷ் அங்கேயே ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். அதிர்ந்து பேசாத பிள்ளை, மாமனாருக்கு எதிரில் நாற்காலியில் உட்காரவே யோசிக்கிற பிள்ளை. போன வாரம் பஞ்சநதம் அவருக்குப் போன் செய்து, மாலதி எதற்காவது ஆசைப்படுகிறாளா, சொல்லுங்கள், எந்த ஊரில் இருந்தாலும் வாங்கி வைக்கிறேன் என்று கேட்டிருந்தார். பெற்ற மகளிடம் மசக்கை விஷயத்தை நேராகக் கேட்க அவருக்கு வாய் வராது. மாப்பிள்ளை வெகு நேரம் தயங்கிவிட்டு, ஸ்ட்ராபெரி என்றார். கொடைக்கானலுக்குப் போனபோது சாப்பிட்டதாம். வேதாரண்யத்தில் கண்ணால் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லையாம். மாலதியிடம் எதுவும் கேட்டுவிட வேண்டாம், அவள் வெட்கப்படுவாள் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மாசமாக இருக்கிறவள் ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். இதில் உங்களுக்கு நம்பிக்கை உண்டோ இல்லையோ, பஞ்சநதத்துக்கு உண்டு. அகிலாண்டம் மாலதியைச் சுமந்திருந்தபோது ஈச்சம்பழம் கேட்டாள். நடவு நெருக்கடியில் அவர் மறந்துபோனார். மாலதி பள்ளிக்கூடம் போகிற வயது வரைக்கும் காதில் பஞ்சோடு திரிந்தாள். அந்தப் பஞ்சை அகிலாண்டம் இன்றைக்கும் பேச்சில் எடுத்து வைப்பாள். பேரப்பிள்ளைக்கும் அப்படி ஆகிவிட்டால் அவரால் தாங்கவே முடியாது.

எனவே அவர் முடிவு கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலதி வாயில் ஸ்ட்ராபெரி போக வேண்டும். வானம் இடிந்து விழுந்தாலும் போக வேண்டும்.

ஈரம் பட்ட நெல்லை என்ன செய்வோம்? காயப் போடுவோம். மொட்டை மாடியில் தார்ப்பாயை விரித்துப் பழத்தைக் கொட்டிப் பரப்பினார். தை மாதத்து வெயில் இதமாக இருந்தது. சம்பா அறுவடை முடிந்து வீட்டு நெல்லைக் காயவைத்து எடுத்த அதே தார்ப்பாய். அந்தப் பழக்கத்தில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் இறங்கிக் காலால் துழாவிவிட ஆரம்பித்தார். நெல்லை அப்படித்தான் புரட்டிக் கொடுப்பார்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு சால் போய்த் திரும்பும்போதுதான் பாதம் பிசுபிசுத்தது.

துணி காயப்போட வந்த அகிலாண்டம் வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"துழாவி விட்டேன்."

அவள் பழத்தைப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் மிதிபட்டதையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு கீழே போனாள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் பின்னால் நிறையச் சொல்லப்போகிறாள் என்று அர்த்தம். பஞ்சநதம் மிச்சத்துக்குக் காவல் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் அணில் வந்தது, மைனா வந்தது, எறும்பு ஊரையே கூட்டிக்கொண்டு வந்தது. அவற்றையெல்லாம் விரட்டிவிட்டார். வெயிலைத்தான் விரட்ட முடியவில்லை. பழம் துவண்டு, தோல் சுருங்கி, தொட்ட இடத்தில் குழி விழுந்தது.

மறுபடியும் ஹபீப் முகம்மதுவுக்குப் போன் போனது. இனி ஃப்ரீசரில் வைத்து உறையவைப்பதுதான் ஒரே வழி என்றார் அவர். காம்பைக் கிள்ளிவிட்டு, தட்டில் தனித்தனியாகப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றும் கல்லாக இறுகிய பிறகு பையில் போட்டு மூட வேண்டும். எடுக்கிறபோது உதிரி உதிரியாக வரும்.

பஞ்சநதம் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் பரப்புகிற விஷயம் அவருக்குச் சம்மதமாக இல்லை. பரப்புவது காய்வதற்கு. காப்பதற்கு மூட்டை. காற்றுப் புகாமல் எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோமோ அவ்வளவுக்குச் சரக்கு பத்திரம். பழம் விற்கிறவருக்கு விற்கத் தெரியும், சேமித்து வைப்பது விவசாயியின் வேலை. அதோடு அவர் வீட்டு ஃப்ரீசரில் தட்டு நுழையவும் இடமில்லை. பிளாஸ்டிக் அரிசிப் பை ஒன்றைக் கழுவித் துடைத்து, பழத்தை உள்ளே போட்டு, தட்டித் தட்டி இறக்கி, முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தி, கோணி ஊசியால் வாயைத் தைத்தார். தையல் நெருக்கமாக, பார்க்க அழகாகவே இருந்தது. ஃப்ரீசரிலிருந்து ஐஸ் தட்டும், வளைகாப்புக்கென்று அகிலாண்டம் அரைத்து வைத்திருந்த மருதாணியும் வெளியேறின. மூட்டை உள்ளே போனது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் நிம்மதியாக இருந்தார். அகிலாண்டம் மட்டும் மருதாணி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் அவரைக் கடந்து போனாள்.

சனிக்கிழமை காலையில் கரண்ட் போனது. பராமரிப்பு வேலையாம், சாயங்காலம்தான் வருமாம். பத்து மணிக்கெல்லாம் ஃப்ரிட்ஜின் கதவிடுக்கில் சிவப்பாக ஒழுக ஆரம்பித்தது. அகிலாண்டம் துணியால் துடைத்தாள்.

"விட்டுருங்க. பொண்ணு இனிமே நம்ம வீட்லதானே இருக்கப்போறா. அப்புறமா வேற வாங்கிக் குடுத்துக்கலாம்."

"அதெல்லாம் முடியாது. நாளைக்கு ஒரு சொட்டாவது அவ நாக்குல பட்டாகணும்."

மூட்டையைத் தூக்கி மொபெட்டில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். கடைத்தெருவில் மீரா உசேன் மீன் கடை வைத்திருக்கிறார். நாகப்பட்டினத்திலிருந்து வருகிற சரக்குக்காக ஆள் படுக்கிற நீளத்துக்கு ஓர் ஐஸ் பெட்டி உண்டு அவரிடம். கரண்டைப் பற்றி அந்தப் பெட்டிக்குக் கவலை கிடையாது.

"வைக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்ல அண்ணே. உள்ள வஞ்சிரம் கிடக்குதே."

"கிடக்கட்டும். இது மூட்டை கட்டின சரக்கு. ஓரமா வைங்க."

மீரா உசேன் பெட்டியைத் திறந்து, வஞ்சிரத்தை நகர்த்திவிட்டு, மூட்டையை ஐஸுக்குள் புதைத்தார். தைத்த இடமெல்லாம் ஊசி போன ஓட்டை இருக்கிறதே என்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். அதற்குள் பஞ்சநதம் மொபெட்டைக் கிளப்பிவிட்டார். வாழையிலைக்கு வேறு சொல்லியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் ஆளாகப் போய் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார். தையலைப் பிரித்தார். உதிரி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் மொத்தப் பழமும் ஒரே பாறையாக இறுகிக் கிடந்தது. பக்கத்தில் வந்த அகிலாண்டம் மூக்கை ஒரு முறை இழுத்தாள்.

"என்னங்க, நல்ல நாளும் அதுவுமா வீட்ல மீன் வாசனை?"

சம்பந்தி வீட்டார் வருகிற வேன் திருத்துறைப்பூண்டியைத் தாண்டிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. பஞ்சநதம் கொல்லைப்புறத்தில் சாக்கை விரித்து, பாறையை அதன்மேல் வைத்து, உலக்கையை எடுத்தார். முதல் போட்டில் ஒரு சில்லு பறந்து கிணற்றில் விழுந்தது. இரண்டாவது போட்டில் சுவரெல்லாம் சிவந்தது. மூன்றாவதில் பாறை பிளந்துகொண்டது. தெறித்து ஓடியதைத் துரத்திப் பிடித்து, தேறியதையெல்லாம் மிக்சியில் போட்டு ஓட்டினார். வாசனை போகவில்லை. வெல்லம் சேர்த்தார், சுக்கு சேர்த்தார், ஏலக்காயைத் தோலோடு நசுக்கிப் போட்டார், கடைசியாக எலுமிச்சம்பழம் பிழிந்தார். ஆடி மாதம் முதல் தண்ணீர் வந்த வாய்க்காலின் நிறத்தில் ஒரு குடம் பானகம் தயாரானது. ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முதலில் சுக்கு வந்தது, பிறகு ஏலக்காய் வந்தது, எல்லாம் இறங்கிய பிறகு வஞ்சிரம் வந்தது. ஸ்ட்ராபெரியும் எங்கேயோ இருந்தது. இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டார்.

வேன் வந்தது. மாலதி முகம் பளபளவென்று இருந்தது. அவளைப் பார்த்ததும் மூன்று நாள் அலைச்சலும் அவருக்கு மறந்துபோனது. சுமங்கலிகள் வரிசையாக வந்து சந்தனம் பூசி, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையலை அடுக்கினார்கள். ஆரத்தி எடுத்து முடிந்ததும், யாரும் இலை போடுவதற்கு முன்னால், பஞ்சநதம் வெள்ளி டம்ளரைத் தானே ஏந்திக்கொண்டு மகளிடம் போனார். மற்றவர்களுக்கு அகிலாண்டம் ஊற்றிக் கொடுத்தாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

மாலதி டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனாள். மூக்கு சுருங்கியது. கண் கலங்கியது. டம்ளரைப் பக்கத்திலிருந்த மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டு, அத்தனை வளையலும் குலுங்கக் கொல்லைப்பக்கம் ஓடினாள். வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் டம்ளரை நைசாக நாற்காலிக்கு அடியில் தள்ளினார்கள்.

இவ்வளவு பாடுபட்டும் வாயில் படாமல் போய்விட்டதே! பஞ்சநதம் ஒரு கரண்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மகள் பின்னாலேயே போய், அவள் முகம் கழுவித் திரும்பி வருகிற வரைக்கும் கூடவே நின்று, கூடத்துக்குள்ளும் கரண்டியோடு வந்தார்.

"ஒரே ஒரு சொட்டும்மா. நாக்குல பட்டாப் போதும்."

"மீன் வாசனை வருதுப்பா."

"கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிரும்மா. நீ ஆசைப்பட்டுக் கேட்டதுதானே."

மாலதி அவரைத் திகைத்துப் பார்த்தாள்.

"நானா? நான் எப்பப்பா கேட்டேன்?"

மகள் கூச்சப்படுவாள் என்று மாப்பிள்ளை முன்பே சொல்லியிருந்ததால் அவருக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. இனி மாப்பிள்ளையே எடுத்துச் சொன்னால்தான் சரிப்படும் என்று அவர் பக்கம் திரும்பினார். சதீஷ் தன் டம்ளரைக் காலி செய்திருந்தார். மாலதி கொடுத்த வெள்ளி டம்ளரையும் காலி செய்திருந்தார். பக்கத்து நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்த மூன்றாவது டம்ளர் வாயருகில் இருந்தது. மாமனார் பார்ப்பதைக் கண்டதும் அதை மெல்லக் கீழே இறக்கி, மேலுதட்டில் ஒட்டியிருந்த சிவப்பை நாக்காலேயே துடைத்துக்கொண்டு, தரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த சதீஷின் அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"இவன் சின்னப் புள்ளையிலேர்ந்தே இப்படித்தான் சம்பந்தி, தனக்கு எது மேல ஆசை வந்தாலும் வாயைத் திறந்து கேக்க மாட்டான், தங்கச்சி கேட்டு அழுவுறான்னுதான் வந்து நிப்பான்."