ஒரு விரற்கடை தூரத்தில் கோழி

ஒரு காட்டில் வீரபாகு என்று ஒரு நரி இருந்தார். அவருக்குப் பசி இருந்தது. வீட்டில் மூன்று குட்டிகள், அவர்களுக்கும் பசி. மனைவி செண்பகவடிவு ஓடையில் நண்டு பிடித்துப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். கோடை முற்றி ஓடை வற்றியதும் நண்டும் அருகிப்போனது. பொழுது சாயும் வேளையில் கொழுத்ததாக ஏதாவது நடமாடாதா என்று வீரபாகு புதர் புதராகப் பதுங்கிப் பார்த்தார். கோழி, முயல், காடை எல்லாம் சொல்லிவைத்தாற்போல் காணாமல் போயிருந்தன.

விசாரித்ததில், எல்லாரும் கராத்தே வகுப்புக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. மருதமரத்தடியில் உடும்பு மாஸ்டர் நடத்தும் வகுப்பு அது. 'பாரம்பரியக் கராத்தே. போட்டி கிடையாது, பதக்கம் கிடையாது, பெற்றோர் உள்ளே வந்து படம் எடுக்கக் கூடாது' என்று வாசலில் பலகை தொங்கியது. வேலி இடுக்கு வழியாக எட்டிப்பார்த்த வீரபாகுவின் கண்ணில் ஒரே ஒரு விஷயம்தான் பட்டது. வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் அத்தனை பேரும் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

"நானும் சேந்துருதேன். அவங்க கண்ண மூடுத நேரம் போதும் எனக்கு" என்று மனைவியிடம் சொன்னார். செண்பகவடிவுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

எதற்காகக் கற்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். மன அமைதிக்காக என்று எழுதினார். அவருக்கு முன்னால் சேர்ந்தவர்களும் அதையேதான் எழுதியிருந்தார்கள், ஆகவே மாஸ்டருக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. முயலுக்கும் கோழிக்கும் வந்தது. ஆனால் ஒருவரை வேண்டாம் என்று சொல்வது போட்டி மனப்பான்மை என்று முந்தின வகுப்பில்தான் மாஸ்டர் பாடம் எடுத்திருந்தார். அதனால் எல்லாரும் அவரைக் குனிந்து வணங்கி வரவேற்றார்கள்.

முதல் நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் கண்ணை மூடினார்கள். புதியவர் என்பதால் வீரபாகுவுக்கு வரிசையின் கடைசி இடம். பக்கத்தில் கோழி மரகதம், மூச்சு சீராக, கழுத்து நிமிர்ந்து. இதைவிட வாய்ப்பு எந்த நரிக்குக் கிடைக்கும்? வீரபாகு பாய்ந்தார். பாய்ந்தார் என்பது அவர் மனதளவில். மண்டியிட்டு உட்கார்ந்ததில் இரண்டு காலும் மரத்துப்போயிருந்ததால் அப்படியே குப்புற விழுந்தார், மூக்கு மண்ணில் புதைந்தது. மாஸ்டர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, முதல் நாளே இவ்வளவு தாழக் குனிந்து வணங்கியவரைத் தான் கண்டதில்லை என்றார்.

அன்று தொடங்கியது வினை. வீரபாகுவை அதுவரை யாரும் எதற்காகவும் பாராட்டியதில்லை. பிறந்ததிலிருந்து கேட்டதெல்லாம் 'ஐயோ நரி' மட்டும்தான்.

பிறகு வந்த நாட்களில் அவர் இடுப்பைத் தாழ்த்தி, முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி, பின்னங்குதிகால் தரையை விட்டு எழாமல் நடக்கக் கற்றார். போவதும் திரும்புவதும்தான் முதல் பாடம். "இடுப்பு இறங்கணும், இன்னும் இறங்கணும்" என்பார் மாஸ்டர். உடும்பாகப் பிறந்த அவருக்கு இடுப்பு தரையை விட்டு ஒரு சாண் உயர்ந்ததே இல்லை. மற்றவர்களுக்கு மட்டும் ஏன் உயர்கிறது என்பது அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. போட்டி கிடையாதுதான். ஆனாலும் வீரபாகு ஓரக்கண்ணால் முள்ளம்பன்றியின் இடுப்பைப் பார்ப்பார், தன் இடுப்பைப் பார்ப்பார், ஒரு இம்மி கூடுதலாக இறங்குவார்.

ஒருநாள் எல்லாரும் சேர்ந்து கட்டா என்னும் அசைவு வரிசையைச் செய்யும்போது இடப்பக்கம் திரும்புவதற்குப் பதில் வலப்பக்கம் திரும்பிவிட்டார். முழு வகுப்பும் ஒரு திசை பார்க்க, இவர் மட்டும் எதிர்த்திசையில் மரகதத்துடன் மூக்கோடு மூக்காக நின்றார். வாயைத் திறந்திருந்தால் போதும், கோழி உள்ளே இருந்திருக்கும். ஆனால் தப்பாகத் திரும்பிவிட்டோமே என்ற வெட்கம் பிடுங்கித் தின்றதில் பசி எங்கே போனதென்றே தெரியவில்லை. மரகதம் யாருக்கும் கேட்காமல், "எடப்பக்கம் அண்ணாச்சி" என்றாள். அவர் நன்றியோடு திரும்பிக்கொண்டார்.

வீட்டில் குட்டிகளின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. வீரபாகு வளை வாசலில் நின்று காற்றைக் குத்திக்கொண்டிருந்தார். செண்பகவடிவு பொறுத்துப் பார்த்தாள், ஒருநாள் கேட்டேவிட்டாள். இந்தக் கலை யாரையும் அடிப்பதற்கில்லை, உள்ளே இருக்கும் எதிரியை ஜெயிப்பதற்கு என்று அவர் விளக்கினார்.

"உள்ள இருக்கது பசிதான?" என்றாள் அவள்.

அவருக்கு அது உறைக்கத்தான் செய்தது. அன்று எப்படியும் மரகதத்தைக் கவ்விக்கொண்டு வருவதென்று மூன்று குட்டிகள் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று பார்த்து ஜோடிப் பயிற்சி. அடிப்பவர் எங்கே அடிக்கப் போகிறோம் என்று முதலில் உரக்கச் சொல்ல வேண்டும். தடுப்பவர் தயார் என்பதற்கு 'ஓஸ்' என்று சொன்ன பிறகுதான் அடிக்கலாம். அடி தோலில் படக் கூடாது. ஒரு விரற்கடை தூரத்தில் நிற்க வேண்டும். சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு ஜோடிப் பயிற்சியிலும் இதைத்தான் வீரபாகு செய்துவந்திருந்தார். மாஸ்டர் அந்தக் கோடியில் முயலின் முஷ்டியைத் திருத்திக்கொண்டிருந்தார். எதிரே மரகதம்.

"கழுத்து" என்றார் வீரபாகு.

"ஓஸ்" என்றாள் மரகதம்.

அவர் கையை நீட்டவில்லை. குட்டிகளை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்து, உயிரைக் கொடுத்துப் பாய்ந்தார். பல் கழுத்தை நெருங்கியது. நெருங்கி, ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. இறகின் வாசனை மூக்கில் ஏறியது, எச்சில் மரகதத்தின் வெள்ளை உடையில் சொட்டியது, தாடை மட்டும் மூட மறுத்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

உடும்பு மாஸ்டர் மெல்ல நடந்து வந்து, பல்லுக்கும் கழுத்துக்கும் நடுவே தன் விரலை விட்டுப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"இதுதான் கட்டுப்பாடு" என்றார். "எல்லாரும் பாத்துக்கோங்க."

எல்லாரும் வீரபாகுவை வணங்கினார்கள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம் அவர் வாழ்நாளில் எந்தக் கோழியைத் தின்றபோதும் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை நடந்தபடி நடித்தே காட்டினார். செண்பகவடிவு, வகுப்பு எப்போது முடியும், கோழி எந்த வழியாகப் போகும் என்று மட்டும் விசாரித்தாள். மனைவிக்கும் ஒருவழியாகக் கலையில் ஆர்வம் வந்துவிட்டதே என்று பூரித்துப்போய், வெளியே போகிறவர்கள் வகுப்பைப் பார்த்தபடி வணங்கிக்கொண்டே பின்பக்கமாக அடியெடுத்து வைக்க வேண்டும் என்கிற மரியாதையைக்கூட விளக்கமாகச் சொன்னார்.

மறுநாள் வகுப்பு முடிந்து வீரபாகு தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் சேர்ந்தவரின் வேலை அது. மரகதம் குனிந்து வணங்கியபடி வாசலைத் தாண்டிப் பின்பக்கமாகக் கால் வைத்தாள். வேலியோரம் நின்ற செண்பகவடிவு யாரையும் வணங்கவில்லை, எந்த இடம் என்று அறிவிக்கவும் இல்லை. மரகதம் திரும்பிக் கையை உயர்த்தித் தடுத்த விதத்தில் மாஸ்டரே குறை கண்டிருக்க மாட்டார். "எந்த எடம்னு சொல்லலியே" என்றாள். அத்தோடு முடிந்தது.

வீரபாகு வளைக்கு வந்தபோது வாசலில் ஒரு வெள்ளை பெல்ட் கிடந்தது. உள்ளே குட்டிகள் வெகு நாளைக்குப் பிறகு சண்டை போடாமல் தின்றுகொண்டிருந்தன. அவர் பெல்ட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். காட்டில் தன்னை அண்ணாச்சி என்று கூப்பிட்ட ஒரே ஜீவன் அதுதான் என்று சொல்லி அழுதார். செண்பகவடிவு ஒரு தொடையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறிப்போய்விடுமே என்று அவள் சொன்னதும், எடுத்துக்கொண்டார்.

எலும்பையும் நக்கி முடித்த பிறகு தொண்டையைச் செருமினார். "நீ பாயும்போது பின்னங்குதிகால் தரையில இருந்துச்சா?"

"காலே தரையில இல்ல."

"அதான தப்பு" என்று வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு துண்டு இருக்கிறதா என்று கேட்டார்.

நீதி: வீட்டில் ஒருவர் கலை பயின்றால், இன்னொருவராவது பயிலாமல் இருக்க வேண்டும்.