பலகையில் மிஞ்சிய பதினோராம் எண்

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தங்கையின் பணிவான வணக்கம். இங்கே அனைவரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது எவ்வளவு உண்மை என்று போகப் போக உனக்கே தெரியும். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் பயத்தில் குழாயைத் திறந்துவிடுகிறேன். மூன்று முறை திறந்தாயிற்று. ஒருத்தி நடுராத்திரியில் எத்தனை தடவைதான் முகம் கழுவுவாள்?

உன் முகவரி அம்மாவின் தையல் பெட்டியில், பொத்தான்களுக்கு அடியில் இருந்தது. நீ படிப்பை விட்டு ரொட்டிக்கடை வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் யாரும் உன் பேச்சை எடுக்கக் கூடாது. அம்மா மட்டும் ரொட்டி வாங்கினால் இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்கிறாள்.

விஷயம் இதுதான். நம் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். பதினாறு வீட்டுக்காரர்களும் இந்த மாதக் கடைசிக்குள் சம்மதக் கையெழுத்துப் போட்டால் நகர அலுவலகம் கூடுதலாக இரண்டு மாடிக்கு அனுமதி தரும், அந்த மாடிகளை விற்றுக்கொண்டு பில்டர் நமக்குச் செலவில்லாமல் வீடு கட்டித் தருவார், ஒருவர் குறைந்தாலும் எல்லாம் போச்சு. சங்கச் செயலாளர் அப்பாதான். புது வீடு எப்படி இருக்கும் என்று காட்ட பில்டர் கொடுத்த அட்டைக் கட்டடம் மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேஜைமேல் நிற்கிறது, நாங்கள் தரையில் சாப்பிடுகிறோம். அப்பா மொட்டைமாடியில் கூட்டம் போட்டார். லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை, நான்கு மாடி ஏறி வந்த பில்டருக்குப் பத்து நிமிஷம் பேச்சே வரவில்லை.

"எதையோ மறைக்கிறாருப்பா" என்றார் கீழ்வீட்டுத் தையல்காரர் மாமா.

"மறைக்கலய்யா, மூச்சு வாங்குறாரு! இனிமே இப்படி மூச்சு வாங்க வேணாம்னா கையெழுத்தப் போடுங்க" என்று அப்பா கத்தினார். அந்த ஒரு பேச்சுக்கே ஒன்பது கையெழுத்து விழுந்தது.

மீதிப் பேரை மடக்க, போடாத வீடுகளின் எண்களை வாசல் அறிவிப்புப் பலகையில் சிவப்பு மையில் எழுதினார். கடைசி வீடு போடும்வரை பலகையை எடுக்கக் கூடாது என்று தீர்மானமும் நிறைவேற்றினார். வெட்கப்பட்டு ஒவ்வொருவராகப் போட்டார்கள். தையல்காரர் மாமாகூடத் தரைத்தளத்தில் கடை தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு போட்டுவிட்டார். போன திங்கட்கிழமை பில்டரின் குமாஸ்தா பத்திரங்களைப் புரட்டிவிட்டு, "சார், உங்க வீடு உங்க பேர்லயும் பையன் பேர்லயும் இருக்கே, பையன் கையெழுத்து எங்க?" என்றார். தாத்தா அப்படி எழுதிவைத்தது அப்பாவுக்கு மறந்தே போயிருந்தது. இப்போது பலகையில் இருப்பது நம் வீட்டு எண் மட்டும்தான். அதை அப்பாவே தன் கையால் எழுதினார், தீர்மானம் தீர்மானம்தானே.

"என்ன செயலாளரே, அந்தப் பதினோராம் நம்பர்காரருக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா? நல்லாப் பேசுவீங்களே!" என்று தையல்காரர் மாமா தினமும் கேட்கிறார். அப்பா செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்கிறார். நேற்று அவர் செருப்பே போட்டிருக்கவில்லை.

"ஒரு போன் போட்டாத்தான் என்னவாம்?" என்றாள் அம்மா.

"அவனா வரட்டும்."

"இந்த வாசப்படிய மிதிக்காதன்னு சொன்னது யாரு? நானா?"

கட்டடத்தை இடித்தால் அந்த வாசற்படியும் போய்விடும், அப்பா போட்ட தடையும் அதோடு போய்விடும் என்று நான் முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் புது வீடு வர மூன்று வருஷம் ஆகுமாம். அதற்குள் நான் வளர்ந்து, உனக்கு என் முகமே தெரியாமல் போய்விடும். நேற்று எல்லாரும் படுத்த பிறகு அப்பா அந்த அட்டைக் கட்டடத்தில் ஒரு ஜன்னலை விரலால் தொட்டு, "இது அவன் ரூம்" என்றார். பக்கத்தில் யாரும் இல்லை. நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன்.

ஆகவே அண்ணா, குமாஸ்தா கொடுத்த படிவத்தை அப்பாவின் பையிலிருந்து எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். கோபத்தை ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டு உடனே தபாலில் அனுப்பு. வேலையை விட்டுவிட்டு நீ இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. அடுப்புச் சூட்டில் கையைச் சுட்டுக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா எழுந்துவிட்டார், குழாயைத் திறக்கிறேன்.

உன் நலத்தையே எந்நாளும் வேண்டும்,
தங்கை

பின்குறிப்பு: உறைக்குள் படிவத்தைத் தேடாதே. ஒட்டும்போது எடுத்துவிட்டேன். தபாலிலேயே வேலை முடிந்துவிட்டால் நீ எதற்கு வரப்போகிறாய்? அது என் பூகோளப் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள். பேனா நான் தருகிறேன்.