மூன்று மணிக்கு மராமத்து

பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் உள்ள கடற்கரையில் ஆட்டைக் கைது செய்த ஒரே மனிதர் எங்கள் மராமத்து அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் பேரூராட்சிப் பூங்காவுக்கு அவர் காவலாளி. பூங்கா என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கடலைப் பார்த்த மாதிரி நான்கு வேப்பமரம், ஒரு சறுக்கு, இரண்டு ஊஞ்சல், ஒரு குழாய். அவர் அதைக் கலெக்டர் ஆபீஸ் மாதிரி நடத்தினார்.

உள்ளே மேய வரும் ஆட்டைப் பிடித்துச் சறுக்கின் காலில் கட்டிப்போடுவார். ஆட்டுக்குச் சொந்தக்காரர் வந்து பத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் விடுதலை. ஒருமுறை கவுன்சிலர் வீட்டுக் கிடா மாட்டிக்கொண்டது. கவுன்சிலர் ஆள் அனுப்பினார். இவர் ஆளைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் கவுன்சிலரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குடம் தூக்கினார். ஏழாவது செடியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"மிச்சம் மூணு செடிக்கு நாளைக்கு வாங்க. அதுவரைக்கும் ஆடு இங்கனயே இருக்கட்டும்" என்றாராம் அண்ணன்.

உப்புக் காற்றுக்கு ஊஞ்சல் சங்கிலி துருப்பிடிக்கும். வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற மீன் எண்ணெயை வாங்கி வந்து தினமும் தடவுவார். துரு நின்றது. ஆனால் ஊஞ்சலாடிவிட்டுப் போகும் பிள்ளைகளுக்குப் பின்னால் பூனைகள் வரிசையாகப் போயின. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவன் எங்கே போனான் என்று எந்தத் தாயும் விசாரிக்க வேண்டியதில்லை, கையை மோந்து பார்த்தால் போதும். எண்ணெய் தடவி முடித்ததும் இரண்டு ஊஞ்சலிலும் தானே ஏறி, கொஞ்சமும் சிரிக்காமல், நூறு தடவை ஆடிப் பார்த்த பிறகுதான் கேட்டைத் திறப்பார். அறுபது வயது மனிதர், அத்தனை பெரிய மீசையோடு.

நான் கருவாட்டு வியாபாரம். நாங்கள் ஆறு பெண்கள் காலையில் ராமநாதபுரம் போய் விற்றுவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்கி, பூங்காக் குழாயில் கால் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவோம். ஒருநாள் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, தெனமும் அந்த ஊஞ்சலையே பாத்துக்கிட்டு நிக்கிற. அது எந்திரிச்சு உன்கிட்ட வருமா?"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பேரப்பிள்ளை எடுத்தவளுக்கு ஊஞ்சல் எதற்கு என்று முணுமுணுத்தேன்.

"எனக்குந்தான் நாலு பேரன் இருக்கான். நான் ஆடல?"

எங்கள் ஆறு பேரையும் உள்ளே விட்டுக் கேட்டைப் பூட்டினார். 'மராமத்து வேலை நடக்கிறது' என்று எழுதிய ஒரு பழைய பலகையை மாட்டினார். வெளியே வெயிலில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து தினமும் மூன்றிலிருந்து நான்கு வரை மராமத்துதான். அந்தப் பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது.

முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டே ஆடினேன். திறந்து பார்த்தபோது என் கால் இரண்டும் கடலுக்கு மேலே இருந்தன.

எங்களில் செபஸ்தியம்மா சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். வெளியே சீட்டாடிக்கொண்டிருந்த ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மராமத்துல என்னய்யா இம்புட்டுச் சிரிப்பு?"

"சந்தோசமா வேல பாக்குறாக. ஒனக்கு எங்கன வலிக்குது?"

வீட்டில் யாரும் எங்களைக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள்மேல் எப்போதும் மீன் வாடைதானே.

ஐந்தாறு வருஷம் இப்படிப் போனது. பிறகு பேரூராட்சியில் பூங்காவைக் குத்தகைக்கு விட்டார்கள். தாங்களே வைத்து நடத்தக் கட்டுப்படியாகவில்லையாம். குத்தகை எடுத்தவர் மோசமான ஆள் இல்லை. பழைய காவலாளியையே வைத்துக்கொள்கிறேன், ஆனால் தினமும் ஒரு மணி நேரம் எதற்குப் பூட்டுகிறார் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும் என்றார். நியாயமான கேள்வி. விசாரிக்க அண்ணனையும் தெருக்காரர்களையும் பேரூராட்சி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பூங்காவின் மூலையில் இருந்த தகர அறைதான் அண்ணனுக்கு வீடு. வேலை போனால் அதுவும் போகும். இது எங்கள் ஆறு பேருக்கும் தெரியும்.

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க தெனம் அந்த வழியா வர்றவங்கதானம்மா? மூணு மணிக்கு உள்ள என்ன நடக்குது?"

செபஸ்தியம்மா என் இடுப்பில் இடித்தாள். ஆறு பேரில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான் ஒருத்திதான். வாசலில் என் மகனும் மருமகனும் நின்றார்கள். கிழவிகள் கதவைச் சாத்திக்கொண்டு ஊஞ்சலாடினோம் என்று அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நான் தரையைப் பார்த்தேன்.

அண்ணன் எங்களை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அதிகாரியிடம் சொன்னார்.

"தூங்குவேன் சார். சோறு உண்டா கண்ணு சொக்கிரும்."

ஆபீசே சிரித்தது. என் மகன் சிரித்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நானும் சிரித்த மாதிரி நின்றேன்.

அன்றோடு அண்ணனுக்கு வேலை போனது. இரண்டாம் நாள் அவருடைய மகள் வந்து அவரைக் கமுதிக்குக் கூட்டிப்போனாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டை அவர் கையில் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், உப்புக் கூட இருக்கும், நல்லாக் கழுவி ஆக்கச் சொல்லுங்க என்றேன். "சங்கிலிக்கு எண்ண போடச் சொல்லுத்தா" என்றார். அவ்வளவுதான்.

இப்போது பூங்காவுக்கு டிக்கெட். குறை சொல்லக்கூடாது, கக்கூஸ் சுத்தமாக இருக்கிறது, கலர் விளக்கு எரிகிறது. ஊஞ்சலில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் உட்காரக்கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஆடு வந்தால் கம்பால் அடித்து விரட்டுகிறார்கள்.

அண்ணன் இறந்துபோன தகவல் போன ஐப்பசியில்தான் வந்தது. பேச வராத எனக்கு எழுத மட்டும் கொஞ்சம் வரும். அன்றைக்கு விசாரித்த அதிகாரி இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, இது அவர் கண்ணில் படுமோ படாதோ. சார், மூன்று மணிக்கு அண்ணன் தூங்கவே இல்லை. நாங்கள் ஆடினோம். அவர் வெயிலில் உட்கார்ந்து எங்களுக்குக் காவல் இருந்தார்.