இடுப்பில் ஒரு இறாத்தல் இரும்பு

“…அதையும் இடுப்பில செருகிக்கொண்டு வந்து, சாமிக்கு முன்னால விழுந்து கும்பிட்டிருக்கிறியள்,” என்றாள் என் மனைவி வசந்தி. முதல் பாதியை அவள் வெளியே பனிக்குள் நின்றே சொல்லி முடித்துவிட்டாள். கதவைத் திறந்து காரில் ஏறியபோது எனக்குக் கிடைத்தது மிச்சம்.

கோயில் கார் தரிப்பிடம். மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேட்டிக்கு மேலே குளிர் ஜாக்கெட். என் மடியில் ஒரு கறுப்புக் காலுறை, அதற்குள் ஒரு இறாத்தல் இரும்பு. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் இதைவிட மரியாதை கெட்டு உட்கார்ந்திருக்க முடியாது.

பயந்தவன் பயந்தேன் என்று சொல்லிவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை. சொல்லாமல் விட்டால் அந்தப் பயத்துக்குச் சோறு போட்டு, சட்டை தைத்து, கூடவே கூட்டிக்கொண்டு திரிய வேண்டும். நான் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், கூட்டித் திரிந்தேன்.

எங்களுக்கு செயின்ட்-மிஷேலில் ஒரு டெப்பனர் இருக்கிறது. (பெட்டிக்கடைதான். அதற்கு ஒரு குளிர் அறையும் லொத்தர் மெஷினும் வைத்துவிட்டால் இந்த ஊரில் டெப்பனர்.) கல்லாவில் வசந்தி நிற்பாள், பெட்டி தூக்குவது நான். பெப்ரவரியில் ஒருநாள் பின்னேரம் மூன்று மணிக்கு, முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பெப்ரவரியில் மொன்றியலில் முகத்தை மூடாமல் வருபவனைத்தான் சந்தேகிக்க வேண்டும். அவன் கல்லாவுக்குப் போய்க் கத்தியை எடுத்தான்.

நான் அப்போது குளிர் அறைக்குள், பியர் அடுக்கும் தட்டுகளுக்குப் பின்னால் நின்றேன். போத்தல்களுக்கு நடுவால் எல்லாம் தெரிந்தது. பத்தடி தூரம். ஒரு கதவு. தோளால் தள்ளினால் திறக்கும். நான் தள்ளவில்லை. கையில் இருந்த பியர்ப் பெட்டியைக் கீழே வைக்கவும் இல்லை. வசந்தி கல்லாவைத் திறந்தாள், சிகரெட்டுகளைப் பையில் போட்டாள், பையின் காதைக்கூடப் பிடித்து அவன் பக்கம் திருப்பிக் கொடுத்தாள். அவன் போனான். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பெட்டியோடு வெளியே வந்து, “என்ன வசந்தி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்று கேட்டேன்.

(ஓம். கேட்டேன்.)

அவள் நடந்ததைச் சொன்னாள். “விசிறிச் சத்தத்தில எனக்கு ஒண்டும் கேக்கேல்லை,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “ஓம், அந்த விசிறி பெரிய சத்தம்தான்,” என்றாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் கடைக்கு வரவில்லை. முழங்கால் நோகிறதாம். பதினெட்டு வருடம் அந்தக் கல்லாவில் நின்றவள், கால் வீங்கி இருந்தபோதும் நின்றவள். இது முழங்கால் இல்லை என்று எனக்கு விளங்கியது. பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை இல்லாத கல்லாவில் எந்தப் பெண் நிற்பாள்? அடுத்த முறை அந்தக் கதவைத் தள்ளுகிற மனிதனாக நான் மாற வேண்டும். அவள் திரும்பி வர வேண்டும். அதற்கு வழி ஒரு கைத்துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு, என்று முடிவெடுத்தேன். சின்னது. சட்டைக்குள் தெரியாதது.

எங்கள் மேல்வீட்டில் கார்த்திக் என்று ஒரு பிள்ளை வாடகைக்கு இருக்கிறார். சென்னைக்காரர், கணினிக் கம்பனியில் வேலை, வயது முப்பத்திரண்டு. வாழ்நாளில் தீபாவளித் துப்பாக்கிக்கு மேல் எதையும் தொட்டதில்லை. ஆனால் எந்தப் பொருளை வாங்குவதென்றாலும் அட்டவணை போடாமல் வாங்கமாட்டார். அரிசி வேகவைக்கிற குக்கருக்கே பதினொரு வரிசை போட்டவர். அவரிடம் போனேன்.

“அங்கிள், ஆட்டோமேட்டிக் வேணாம். அது ஜாம் ஆகும். உங்களுக்கு ரிவால்வர்தான் கரெக்ட். சும்மா அமுக்குனா போதும்.”

“அமுத்தினால் வெடிக்குமோ தம்பி?”

“அதானே அங்கிள் வேணும்?”

அதன் பிறகு தினமும் கடை பூட்டுமுன் ஒரு மணித்தியாலம் நாங்கள் இருவரும் ஒரு தாடிக்கார அமெரிக்கரின் காணொளிகளைப் பார்த்தோம். இரண்டு அங்குலக் குழலா, மூன்றா? ஐந்து தோட்டாவா, ஆறா? ஆறு என்றால் உருளை பருக்கும், இடுப்பில் புடைக்கும். பின்னால் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல் வேண்டாம், எடுக்கும்போது சட்டையில் மாட்டும். உள்ளே மறைந்ததுதான் நல்லது. இலேசான உலோகம் சுமக்கச் சுகம், சுட்டால் கை நோகும். உருக்கு சுமக்கப் பாரம், சுடச் சுகம். தாடிக்காரர் இதைப் ‘பேக்கப்’ என்றார்: பெரிய துப்பாக்கி வேலை செய்யாவிட்டால் எடுப்பதற்கான இரண்டாவது துப்பாக்கி. என்னிடம் முதலாவது இல்லை. முதலாவது இல்லாதவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். கார்த்திக் அட்டவணையில் ‘அங்கிளின் இடுப்பளவு’ என்றும் ஒரு வரிசை சேர்த்தார். அந்த வரிசைதான் எல்லாத் துப்பாக்கியையும் தோற்கடித்தது.

கடைசியில் ஒன்று வென்றது. ஐந்து தோட்டா, இரண்டு அங்குலக் குழல், மறைந்த சுத்தியல், எடை ஏறக்குறைய ஒரு இறாத்தல், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

“ஒரு இறாத்தல் பேக்கரிப் பாணை இடுப்பில கட்டுறது பெரிய வேலையோ?” என்றேன்.

“அங்கிள், வாங்குறதுக்கு முன்னாடி அதே வெயிட்ல எதையாவது ரெண்டு வாரம் கட்டிட்டு நடக்கச் சொல்றார் அவர். எங்கயும் கழட்டக் கூடாதாம். கழட்டுற இடத்துலதான் தேவைப்படுமாம்.”

நிலவறையில் பழைய தண்ணீர்க் குழாயின் எல்போ ஒன்று கிடந்தது. வளைந்த இரும்பு, ஒரு முனையில் சின்னக் குழாய்த் துண்டு. கடைத் தராசில் வைத்தேன். கொஞ்சம் குறைந்தது. இரண்டு பற்றரிகளை உள்ளே தள்ளிக் கறுப்புக் காலுறைக்குள் போட்டேன். ஆளைப் பார்த்தால் அசல் துப்பாக்கி.

ஒன்றரைக் கிழமை அதைச் சுமந்தேன். குனிந்தால் வயிற்றில் குத்தியது. இருமினால் இறங்கியது. வாடிக்கையாளர் ஒருவர், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஹெயிட்டிக்காரர், நான் நடக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு, “பொஸ், வைத்தியரிடம் போவதில் வெட்கப்படாதே. எனக்கும் அது இருந்தது,” என்று பிரெஞ்சில் ஆறுதல் சொன்னார். ‘அது’ எது என்று நான் கேட்கவில்லை. மெர்சி என்றேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

எங்கள் கோயிலில் ஆண்கள் மேலாடையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வேட்டி, அதன் மேல் இடுப்பைச் சுற்றிச் சால்வை, அவ்வளவுதான். அமெரிக்கத் தாடிக்காரர் காற்சட்டைக்கும் கோட்டுக்கும் வழி சொல்லியிருந்தார். வேட்டிக்குச் சொல்லவில்லை. காரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கழற்றுகிற இடத்தில்தான் தேவைப்படுமாமே. சால்வையை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, வெறும் மேலோடு, வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பூசை முடிந்தது. தவிலும் மணியும் நின்றன. நான் கொடிமரத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். கைகளை நீட்டிய அந்தக் கணத்தில் வயிறு தன் சுபாவத்துக்குத் திரும்பியது, சால்வை நெகிழ்ந்தது. கறுப்புக் காலுறை நழுவித் தரையில் மோதி, இரும்புக்கே உரிய சத்தத்தோடு இரண்டு முறை உருண்டது.

யாரோ ஒரு பெண்குரல், மெதுவாகத்தான், “துவக்கு,” என்றது.

நெற்றி நிலத்தில் பட்டபடி பக்கவாட்டில் பார்த்தேன். எல்லோரும் என்னைப் போலவே விழுந்து கிடந்தார்கள். எல்லோரும் ஒன்றாகக் கும்பிடுகிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். பெண்கள் இப்படி நெடுஞ்சாண்கிடையாக விழுவதில்லையே என்பது பிறகுதான் உறைத்தது. தலையை இரண்டு கையாலும் பொத்தியிருந்தார்கள். வாயைத் திறந்து வைத்திருந்தார்கள்; ஷெல் வெடித்தால் காது கிழியாமல் இருக்க, ஊரில் யுத்த காலத்தில் அப்படித்தான் திறப்போம். முப்பது வருடம் கனடாவில் வரி கட்டியவர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள், ஒருவரும் யோசிக்கவில்லை. உடம்பு யோசித்துவிட்டது. ஐயர் தட்டத்தோடு தூணுக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

இங்கே பிறந்த பிள்ளைகள் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் தாயைக் குனிந்து பார்த்து, என்ன தேடுகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

வசந்தி பெண்கள் பக்கத்தில் கிடந்தாள். யாருடையவோ இரண்டு குழந்தைகளை இழுத்துத் தனக்குக் கீழே போட்டிருந்தாள். நோகிறது என்று சொன்ன முழங்கால்களை ஊன்றி, தன் பாரம் அவர்கள்மேல் விழாமல்.

கோயில் தலைவர் பரமசிவம் அண்ணை தவழ்ந்து வந்தார். ஒரு விரலால் காலுறையைத் தொட்டார். பிறகு உரித்தார்.

“பைப்,” என்றார். “எழும்புங்கோ. தண்ணிப் பைப்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு முதியவர் எழும்ப நேரமெடுத்தார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ அழுவது கேட்டது.

“ஆர் இதைக் கொண்டுவந்தது?”

கிடந்தபடியே கையை உயர்த்தினேன்.

“ஏன் காணும்?”

“பழகிறதுக்கு, அண்ணை.”

“எதுக்குப் பழகிறதுக்கு?”

“துவக்குக்கு.”

அவர் எழும்பிச் சால்வையைத் தட்டினார். “வேலியால போன ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்ட கதை கேள்விப்பட்டிருக்கிறன். அதைக் கோயிலுக்குள்ள கொண்டுவந்து அவிட்டுவிட்டவனை இண்டைக்குத்தான் காணுறன்,” என்று சொல்லி, பைப்பைக் காலுறைக்குள் போட்டு, பிரசாதம் தருகிற மாதிரி இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

அன்றிலிருந்து கோயிலில் எந்தக் குழாய் ஒழுகினாலும் எனக்குத்தான் போன் வரும். எனக்குக் குழாய் வேலை தெரியாது. தெரியாதென்று சொல்ல வாய் வராமல், படித்துக்கொண்டேன். பின்னால் வந்த சனங்களுக்கு என் பெயரே தெரியாது, எல்போ அண்ணை என்பார்கள். டொரொண்டோவில் இருக்கிற மகள் போன் எடுத்தால் இன்றைக்கும் முதல் கேள்வி, “அப்பா, லோட் பண்ணியிருக்கோ?” சிரிப்பேன். அந்தத் தரையில் கிடந்த வாய்களை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

சரி, காருக்கு வருகிறேன்.

வசந்தி அந்த வசனத்தை முடித்த கையோடு, காரின் ஒலிபெருக்கியில் போன் அடித்தது. நிறுத்தத் தெரியாமல் பச்சையை அமுக்கிவிட்டேன்.

“அங்கிள், ஒரு சின்ன இஷ்யூ,” என்றார் கார்த்திக். கார் முழுக்க அவர் குரல். “நம்ம ரெண்டு இஞ்ச் இருக்குல்ல, அவ்ளோ சின்னக் குழல் கனடாவுல ரொம்ப நாளாவே தடையாம். பெருசும் இப்ப தனியாளுங்களுக்கு விக்கிறதில்லையாம். இடுப்புல மறைச்சுட்டுக் கடையில நிக்கிறதுக்கு யாரும் பர்மிஷனே குடுக்க மாட்டாங்களாம். அந்த வரிசையத்தான் அங்கிள் நான் போட மறந்துட்டேன்.”

“எந்த வரிசை தம்பி?” என்று வசந்தி கேட்டாள்.

“ஆன்ட்டி, வணக்கம் ஆன்ட்டி,” என்றார் கார்த்திக். போன் நின்றது.

“எத்தினை கிழமை?” என்றாள் என்னிடம்.

“மூண்டு.”

“மூண்டு கிழமை, விக்காத சாமானுக்குச் சைஸ் பாத்திருக்கிறியள். நீங்கள் நடக்கிற நடையைப் பாத்து நான் குடலிறக்கம் எண்டு நினைச்சு டொக்டரிட்டை நாள் எடுத்து வைச்சிருக்கிறன்.” பிறகு, குரலைத் தாழ்த்தி, “ஏன்?” என்றாள்.

ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடியில் பனி உருகி வழிந்தது. இந்த முறை எந்த விசிறியின் மேலும் பழியைப் போட முடியவில்லை.

“அண்டைக்கு நான் கண்டனான், வசந்தி. எல்லாத்தையும் கண்டுகொண்டுதான் நிண்டனான். வெளியில வரேல்லை.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“போத்தலுக்கு நடுவால உங்கட கண் தெரிஞ்சது. அவன் அங்கால திரும்பிவிடுவானோ எண்டுதான் கெதியா எல்லாத்தையும் அள்ளிக் குடுத்தனான். பையின்ர காதையும் பிடிச்சுக் குடுத்தன், அவன்ர கண் என்னில நிக்கட்டும் எண்டு. நீங்கள் வந்திருந்தால் குத்தியிருப்பான். வந்துடாதையுங்கோ, வந்துடாதையுங்கோ எண்டு மனதுக்குள்ள சொல்லிக்கொண்டு நிண்டன். நீங்கள் வரேல்லை. நான் சொன்ன ஒண்டை நீங்கள் கேட்ட ஒரே நாள் அதுதான்.”

மடியில் கிடந்த காலுறையைப் பின் இருக்கையில் போட்டேன்.

“முழங்கால் எண்டது பொய்,” என்றாள். “வெக்கம் பிடிச்ச ஆம்பிளை அடுத்த முறை கட்டாயம் பாய்வான். நான் கல்லாவில இல்லாட்டி நீங்கள் ஏன் பாயப்போறியள் எண்டு வீட்டில இருந்தன். காரை எடுங்கோ. கடைக்கு விடுங்கோ.”

கடை திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. திறப்பை என் கையிலிருந்து வாங்கி அவளே திறந்தாள். விளக்கைப் போட்டாள். பட்டுச் சேலை, காலில் போட்டிருந்த சப்பாத்தில் பனி.

“அங்கை போய் நில்லுங்கோ,” என்று கல்லாவைக் காட்டினாள். நின்றேன். மூன்று கிழமை அங்கே நின்று காசு வாங்கியிருக்கிறேன், ஆனால் அவளைப் போல் அங்கிருந்து கடையைப் பார்த்ததில்லை. வாசல் இவ்வளவு கிட்ட என்று உறைத்ததில்லை.

அவள் குளிர் அறைக்குள் போனாள். கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் பியர்ப் போத்தல்களுக்கு நடுவே, நான் நின்ற அதே இடத்தில், அவளுடைய கண்கள் தெரிந்தன. என்னைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள், குளிர் அவளை உலுப்பத் தொடங்கும்வரை. பிறகு கையை நீட்டி ஒரு போத்தலை எடுத்துக் கீழே வைத்தாள். அதன் பக்கத்தில் இருந்ததை எடுத்தாள். அந்தத் தட்டு வெறுமையாகி, முழு முகமும் தெரியும்வரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தாள்.