ஓரம் மடித்துத் தைத்த மலை

என் மேல் என்றைக்கும் பாசம் குறையாத அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதும் கடிதம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் இன்னும் சுகத்துக்கு வரவில்லை. அதன் கதை கீழே வருகிறது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ நடுநடுவே சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். அத்தான் பக்கத்தில் இருந்தால் முதலில் நீ தனியாகப் படித்துவிட்டு அப்புறம் அவரிடம் கொடு. ஏன் என்று போகப் போக உனக்கே புரியும்.

நம் வீட்டுக் கூடத்தில் வரிசையாக மாட்டியிருக்கும் படங்களை நீ மறந்திருக்க மாட்டாய். தாத்தா, அப்பா, சித்தப்பா, கடைசியில் அத்தான், அவரவர் மோட்டார் சைக்கிளோடு. கையில் நாலு காசு சேர்ந்ததும் வண்டியோடு ஒரு படம் எடுத்து மாட்டுவது நம் வீட்டு வழக்கம். தாத்தா வண்டியிலேயே மலை உச்சி வரை போனார், அப்பா உடைந்த பாலத்தைத் தாவினார், சித்தப்பா ரயிலுக்கு முன்னால் போய் அடுத்த ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தார் என்று கேட்டுக் கேட்டுத்தானே வளர்ந்தோம். இன்றைக்கும் தெருவில் நம் வீட்டுக்கு மோட்டார்காரர் வீடு என்றுதான் பெயர். அந்த வீட்டில் பிறந்த எனக்கோ சைக்கிளில் ஏறினாலே தலை சுற்றும். நான் தையல் வேலைக்குப் போய் முதல் கூலி வாங்கிய அன்று எனக்கும் ஒரு படம் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். "உனக்கெதுக்குடா அதெல்லாம், உனக்கு ஊசிதான் சரி" என்றார். அது என் மனதில் தைத்து நின்றுவிட்டது அக்கா. இத்தனை வருஷமும் அந்தப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து திரைச்சீலை தைத்துக்கொண்டே, இந்தப் பரம்பரையில் நான் ஒருவன்தான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகளும் அவள் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பையனும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு பண்ணியிருப்பது உனக்குத் தெரியும். பையனின் அப்பா பல் டாக்டர். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். மகளுக்கு முகமே வாடிப்போயிற்று. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தவள், அவர் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, எங்க வீட்டிலே எல்லாருமே மோட்டார் சைக்கிள்காரங்கதான், தாத்தா காலத்திலிருந்து படம் இருக்கு என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான், மனுஷர் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டாராம். அப்படிப்பட்ட குடும்பமா, இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமையே வருகிறேன், படங்களையும் பார்க்க வேண்டும், என் வண்டியையும் கொண்டு வருகிறேன், சம்பந்தியும் நானும் மாற்றி மாற்றி ஒரு சுற்று ஓட்டலாம் என்றாராம். மகள் குதித்துக்கொண்டு வந்து இதைச் சொன்னாள். நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். சிரிக்காதே. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் ஒரு பழைய கியர் ஸ்கூட்டர் இருக்கிறது. அவர் என்னை ஏற்றி உட்கார வைத்து, இதைப் பிடிங்க, அதை விடுங்க, பார்த்து விடுங்க என்றார். நான் எதைப் பிடித்தேன் எதை விட்டேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வண்டி ஒரு துள்ளு துள்ளிக் கிளம்பி, அவர் சலவைத் துணி காயப்போட்டிருந்த கொடிக்குள் நேரே புகுந்து, கொடியோடும் துணியோடும் சுவரில் போய் நின்றது. யாரோ ஒருவருடைய படுக்கை விரிப்பு என் தலையில் விழுந்து மூடிக்கொண்டதால் சுவரை நான் பார்க்கவில்லை, முழங்கால்தான் பார்த்தது. மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, கிளட்ச்சை அப்படிச் சட்டென்று விடக் கூடாது, மெதுவாக விட வேண்டும் என்று கத்தினாள். உன் வேலையைப் பார் என்று விரிப்புக்குள்ளிருந்தே சொன்னேன்.

நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தால் மகள் படங்களையெல்லாம் துடைப்பதற்காகக் கீழே இறக்கி வைத்திருந்தாள். அவை எப்போதும் உத்தரத்தை ஒட்டி உயரத்தில்தானே இருந்தன, நான் கண்ணுக்கு நேரே பார்த்ததே இல்லை. காலை நீட்டிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது கோட்டு. தாத்தா போட்டிருக்கும் தோல் கோட்டின் இரண்டாவது பட்டன் மட்டும் வேறு மாதிரி. அப்பா கோட்டிலும் இரண்டாவது பட்டன் அப்படியே. சித்தப்பாவுக்கும் அப்படியே. அத்தானுக்கும் அப்படியே. தாத்தாவுக்குக் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது, அப்பாவுக்கு விரலை மூடிவிட்டது, அத்தானுக்கு வயிற்றில் பட்டனே போடவில்லை. நான் துணியோடு பிழைக்கிறவன், ஒரே கோட்டு என்று சத்தியம் செய்வேன். அப்புறம் பின்னால் இருக்கும் அந்த மலையைப் பார்த்தேன். தாத்தா ஏறிய மலை. அதன் நடுவில் ஒரு சுருக்கம். மலைக்குச் சுருக்கம் விழுமா அக்கா? கீழே பார்த்தால் அடிவாரம் நெடுக ஓரம் மடித்துத் தைத்திருக்கிறது. தையல்கூட ஒழுங்கில்லை, ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. நாலு படத்திலும் அதே மலை, அதே இழுப்பு. வண்டியும் ஒரே வண்டிதான், டேங்க்கில் ஒரே இடத்தில் நசுங்கியிருக்கிறது. ஸ்டாண்டு போட்டபடி நிற்கிறது. ஸ்டூடியோக்காரர் படம் எடுப்பதற்கென்றே வைத்திருந்த வண்டி!

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனதைத் திடப்படுத்திக்கொள். அப்பா படத்தில் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தை நீ. அப்பா எவ்வளவு வேகமாகப் போனார், காற்று எப்படி முகத்தில் அடித்தது என்று நீ இப்போதும் சொல்வாய். படத்தில் அப்பா தலைமுடியும் உன் தலைமுடியும் பறக்கத்தான் செய்கின்றன. ஆனால் மலைப்பாதையில் ஒரு ஒயர் ஓடுகிறது. அது படத்தின் ஓரத்துக்குப் போகிறது, அங்கே ஒரு டேபிள் ஃபேன் கால்வாசி தெரிகிறது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பா நம்மை ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் நாள் முழுக்கக் கிடங்கில் மூட்டை எண்ணிய மனுஷர். ஒருநாள் அந்த வண்டியில் உட்கார்ந்தார், அதற்கப்புறம் இறங்க மனசில்லை, அவ்வளவுதான். எனக்குப் படம் வேண்டாம் என்று ஏன் சொன்னார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. நான் கேட்ட சமயத்தில் அந்த ஸ்டூடியோவை மூடிவிட்டு அங்கே செருப்புக்கடை வந்திருந்தது. நெஞ்சில் இருந்த ஒரு பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது அக்கா. பயந்தாங்கொள்ளி நான் ஒருவன் இல்லை. நம் வீட்டில் எவருக்குமே வண்டி ஓட்டத் தெரியாது.

ஆனால் இந்த ஆறுதல் காபி ஆறும் வரைகூட நிலைக்கவில்லை. படங்களை எங்கேயாவது ஒளித்துவிடலாம், சட்டம் மாற்றக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லலாம் என்றேன். என் வீட்டுக்காரி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்றாள். மகள் கோட்டையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "அப்பா, இந்தப் படத்துக்காகத்தான் அவரு வர்றேன்னாரு. இப்போ போய் பொய்னு சொன்னா நம்மள என்னன்னு நினைப்பாரு?" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தபோது, தாத்தா மட்டும் உயிரோடு இருந்தால் அவரைப் பிடித்து உண்மையாகவே ஒரு மலையில் ஏற்றியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முழங்காலுக்குத் திரைச்சீலைக்குப் போடும் லைனிங் துணியைச் சுற்றினேன், அடி பெரிதாகத் தெரிய வேண்டுமென்று மேலும் சுற்றினேன், கடைசியில் கால் மடங்கவே இல்லை. ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. பல் டாக்டர், அவர் மனைவி, பையன், பின்னால் கயிறு போட்டுக் கட்டிய மோட்டார் சைக்கிள். டாக்டர் இறங்கும்போதே விறைத்த கட்டையாக இறங்கினார். இடுப்பில் அகலமாக ஒரு பெல்ட், முதுகுவலிக்குப் போடுவார்களே அது. அவர் கண் நேராக என் முழங்காலுக்குப் போனது. "அடடா, முழங்காலா? அப்போ இன்னிக்கு ஓட்ட முடியாதே" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்ன மனுஷர் இவர் என்று நினைத்தேன். ஆனால் அவருடைய பெல்ட்டைப் பார்த்ததும் என் முகத்திலும் அதே சந்தோஷம்தான் இருந்ததாகப் பின்னால் மகள் சொன்னாள். வண்டியை இறக்கி உள்வாசலில் நிறுத்தினார்கள். பெட்ரோல் சொட்டுகிறது, குழாயை மூடுங்கள் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். டாக்டர் குழாயைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவளே குனிந்து மூடினாள். வீட்டில் கேஸ் குழாயை மூடுகிறவள்தானே என்று நான் ஒன்றும் நினைக்கவில்லை.

உள்ளே வந்தவர் காபியைக்கூடத் தொடாமல், இறக்கி வைத்திருந்த படங்களிடம் போனார். சட்டைப்பையிலிருந்து பல் பார்க்கும் லென்ஸை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டு, தாத்தாவைச் சன்னல் பக்கம் திருப்பி, எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி பார்த்தார். பழக்கதோஷத்தில் அவர் வாயும் கூடவே திறந்துகொண்டது. தாத்தாவிலிருந்து அப்பா, அப்பாவிலிருந்து சித்தப்பா, திரும்பவும் தாத்தா. மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் லென்ஸைக் கழற்றாமலேயே என் பக்கம் திரும்பி, "இந்த வண்டியில செயினே இல்லீங்களே" என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் அக்கா. கோட்டு, மலை, ஃபேன், மூட்டைக் கிடங்கு, இஸ்திரிக்காரர் கொடி, எதையும் விடவில்லை. எங்க வீட்டிலே யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாதுங்க, உங்ககிட்ட சொன்னப்போ என் பொண்ணுக்கு இது தெரியாது, அவ மேல கோவப்படாதீங்க என்றேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். அப்புறம் இடுப்பு பெல்ட்டைப் பட்டென்று அவிழ்த்து மேஜையில் வைத்தார்.

"எனக்கும் ஓட்ட வராதுங்க" என்றார்.

அவர் மனைவி சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. துருப்பிடித்துக் கிடந்த வண்டியை வாங்கித் திருகு திருகாகப் பூட்டியதெல்லாம் உண்மையாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டார்ட் பண்ணுவார், ஸ்டாண்டைப் போட்டபடியே மேலே உட்கார்ந்து சத்தத்தைக் கேட்பார், அணைத்து உறையைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவாராம். ஒரு சுற்று ஓட்டலாம் என்று என் மகளிடம் வாய் தவறிச் சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். மூன்று தலைமுறையாக ஓட்டுகிறவர்கள் முன்னால் மானம் போகப்போகிறதே என்றுதான் பெல்ட் வாங்கியிருக்கிறார். நான் முழங்கால் துணியை அவிழ்க்க ஆரம்பித்தேன். அது அவிழ்ந்துகொண்டே இருந்தது, பையன் ஒரு பக்கம் பிடித்துச் சுற்ற வேண்டியதாயிற்று. டாக்டர் தாத்தா படத்தைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெரியவர் எவ்வளவு நல்லா உட்கார்ந்திருக்காரு பாருங்க, ஸ்டாண்டு போட்ட வண்டியில இப்படித்தான் உட்காரணும் என்றார். எங்கள் இருவருக்கும் அப்படியொரு நிம்மதி. கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டார், அக்கா. மகள் சமையலறைக்குள் போய் நின்று அழுதாள்; நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தோம். நான் தைத்து வைத்திருந்த ஒரு பச்சைத் திரைச்சீலையைக் கொண்டுவந்து கட்டி, வண்டியை அதற்கு முன்னால் நிறுத்தி, டாக்டர் கொண்டுவந்திருந்த தோல் கோட்டை நானும் அவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டோம். எனக்குக் கோட்டின் கை நீளம், இரண்டாவது பட்டனும் ஆடிக்கொண்டிருந்தது. கையோடு தைத்துக் கொடுத்தேன். என் படம் அத்தான் படத்துக்குப் பக்கத்தில் வரப்போகிறது. வேன்காரர் வேறு சவாரிக்குப் போய்விட்டதால் வண்டியை இங்கேயே விட்டுவிட்டு டாக்டரும் பையனும் வாடகைக் காரில் கிளம்பினார்கள். டாக்டர் மனைவி மட்டும் என் வீட்டுக்காரியோடு பேச்சு முடியாமல் இன்னும் இங்கேதான் இருக்கிறார்.

கல்யாணத்துக்கு நீ முன்கூட்டியே வந்துவிட வேண்டும். பெரியவளாக நின்று ஆசீர்வாதம் செய்ய உன்னைவிட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள். அத்தானுக்கு என் வணக்கம். கல்யாணம் பேசிய காலத்தில் உன்னைப் பார்ப்பதற்காக அவர் அந்த வண்டியில் எவ்வளவு தூரம் வந்ததாக உன்னிடம் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்பதானால் சாப்பிட்ட பிறகு கேள். பிள்ளைகளுக்கு என் ஆசி. நீ காற்றில் போனது போனதுதான், அதை யாருக்காகவும் மாற்றிச் சொல்லாதே.

இப்படிக்கு,
மனப்பாரம் இறங்கிய உன் தம்பி

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது வாசலில் தடதடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். என் வீட்டுக்காரி என் ஷூவைப் போட்டுக்கொண்டு டாக்டர் வண்டியில் போகிறாள், பின்னால் டாக்டர் மனைவி. தெருமுனையில் திரும்பி, இஸ்திரிக் கொடியைச் சுற்றி வந்து, அலுங்காமல் வாசலில் நிறுத்தினாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அண்ணன் கற்றுக்கொடுத்ததாம். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். "மோட்டார்காரர் வீடுன்னு சொன்னீங்க. உங்க முன்னாடி நான் என்னத்த சொல்றதுன்னு இருந்துட்டேன்" என்றாள். மகள் போனில் ஒரு படம் எடுத்திருக்கிறாள், இதோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். முகம் தெளிவாக இல்லை என்று குறை சொல்லாதே, அது ஓடுகிற வண்டி. நம் வீட்டில் எவருக்குமே வண்டி ஓட்டத் தெரியாது என்று மேலே எழுதியிருக்கிறேனே, அந்த வரியை மட்டும் நீயே பேனாவால் அடித்துவிடு.