ஆய்வுக்கூடத்துக்குப் போன பால்மா

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இருபத்து நான்கு வயதுவரை வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். சந்தேகம் கேட்டால் பட்டத்தைத் திருப்பி வாங்கிவிடுவார்கள் என்றே நினைத்திருந்தேன்.

அப்போது ஆக்லாந்தில் முதுகலை முடிக்கும் நேரம். மரபணுவின் கட்டளைப்படி கலம் (தமிழ்நாட்டுத் தோழிகளுக்குச் செல்) ஒரு புரதத்தைச் செய்தால் மட்டும் போதாது. பல புரதங்கள், மேலே பொஸ்பேட் என்ற சிறு வேதித் துண்டு ஒட்டினால்தான் வேலையைத் தொடங்கும். ஒரு மருந்து கொடுத்தால் அந்தப் பொஸ்பேட் ஒட்டுகிறதா என்பது என் ஆய்வு. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவுக்கு முடிவைப் படமாகக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் முனைவர் பட்ட இடம் எனக்கா இல்லையா என்று பேராசிரியர் முடிவு செய்வார்.

புரதங்களை மெல்லிய தாளில் தடம் தடமாக ஏற்றி, பொஸ்பேட்டைத் தேடிப் பிடிக்கும் திரவத்தை ஊற்றினால், பிடித்த இடம் கறுக்கும். அந்தத் திரவம் கண்ட இடத்திலும் ஒட்டாதிருக்க முதலில் வேறொரு புரதப் பொடியைக் கரைத்துத் தாளை மூட வேண்டும். அந்தப் பொடி தீர்ந்திருந்தது. பக்கத்து மேசைக்காரி பால்மாவால் (தோழிகளுக்குப் பால் பவுடர்) மூடுவதைப் பார்த்திருக்கிறேன். யாரிடமாவது கேட்பேனா? நேரே லின்ஃபீல்டுக்கு, வீட்டுக்குப் போனேன்.

"அம்மா, கொஞ்சம் பால்மா தாங்கோ. ஆராய்ச்சிக்கு."

"ஆராய்ச்சிக்கோ! அப்ப புதுப் பைக்கற்றை உடைக்கிறன். சீனியும் வேணுமோ பிள்ளை?"

(சீனியை மட்டும் மறுத்தேன். அவ்வளவு அறிவு இருந்தது.)

வெள்ளிக்கிழமை திரையில் என் படம் அடிப்பிடித்த தோசைக்கல் மாதிரி முழுக்கக் கறுப்பு. அதோடு வாயை மூடியிருக்கலாம். "மருந்து எல்லா இடத்திலும் அபாரமாக வேலை செய்கிறது" என்றேன்.

"கடைசித் தடத்தில் என்ன ஏற்றினாய்?" என்றார் பேராசிரியர்.

"வெறும் தண்ணீர்."

"அதுவும் வேலை செய்கிறதா?"

"ஓம்... மிக நன்றாக."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"தாளை எதால் மூடினாய்?"

"அம்மாவின் பால்மாவால். வேறு எதால் மூடுவதென்று எனக்குத் தெரியாது."

பாலின் புரதத்திலேயே பொஸ்பேட் நிறைய உண்டாம். பக்கத்து மேசைக்காரி பொஸ்பேட்டைத் தேடவில்லை. நானோ அதைத் தாள் முழுக்கப் பூசிவிட்டுத் தேடியிருக்கிறேன். "தெரியாது என்று இப்போதுதான் சொன்னாய். இனி முதலிலேயே சொல். அடுத்த வாரம் திரும்பச் செய்" என்றார். சரியான பொடியோடு செய்தேன். கோடுகள் தெளிவாக விழுந்தன, இடமும் கிடைத்தது.

அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. "எங்கட பால்மாவில என்ன பிழை?"

"பொஸ்பேட் கூடிப்போச்சு அம்மா."

"கூட இருந்தா நல்லதுதானே!"

அப்பாவுக்கு இந்தக் கதையில், ஒன்றும் இல்லாமலே நன்றாக வேலை செய்வதாக நான் சொன்ன தண்ணீர்த் தடம் மட்டும்தான் விளங்கியது. அதுவே அவருக்குப் போதும். ஞாயிறுதோறும் வெஸ்ட்கேட்டிலிருந்து வரும் மாமா, அம்மாவின் தம்பி, மூக்குமுட்டச் சாப்பிட்டு சோபாவில் சரிந்து குறட்டை விட்டதும் அப்பா விரலை உதட்டில் வைப்பார்:

"ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ. தண்ணித் தடம் கடுமையா வேலை செய்யுது."